தூக்குகிற கை

"யாராவது ஒருத்தர் வந்து தூக்கிக் காட்டுங்க," என்று டாக்டர் ஆதிலட்சுமி சொன்னதும், பெஞ்சுகளில் இருந்த பதினாலு பேரும் கலியமூர்த்தியைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வேண்டுமென்றே கொஞ்சம் பிகு செய்துவிட்டு எழுந்தார். ஆம்புலன்ஸ் சங்கத்தில் பதினோரு வருஷமாக அட்டெண்டர். அதற்கு முன் மில்லில் பஞ்சுப் பொதி சுமந்த தோள். அடிபட்டவனாக நடித்துக்கொண்டு தரையில் கிடந்த டிரைவர் தணிகாசலத்தின் கக்கத்தில் ஒரு கை, முழங்காலுக்கடியில் ஒரு கை கொடுத்து, ஒரே தம்மில் அலாக்காகத் தூக்கி மேசைமேல் கிடத்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். தணிகாசலம் கண்ணைத் திறக்காமலே, "மெதுவா வைய்யா, நாளைக்கும் நான்தான வண்டி ஓட்டணும்," என்றார். சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று.

டாக்டர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. ஆறு நாள் பயிற்சி கொடுக்க மெட்ராசிலிருந்து வந்திருந்தார். அந்த 1982 வரை சங்கத்து ஆட்களுக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. சீக்கிரம் போ, சீக்கிரம் ஏற்று, சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர், அவ்வளவுதான் படிப்பு. அந்தப் படிப்பில் கலியமூர்த்தி முதல் மார்க். அவர் தூக்கினால் வலியே தெரியாது என்று முத்தியால்பேட்டையில் சொல்வார்கள். அதைக் காதால் கேட்கும்போதெல்லாம் அவருக்குக் கூச்சமாகவும் இருக்கும், இன்னொரு தடவை சொல்ல மாட்டார்களா என்றும் இருக்கும்.

டாக்டர் பையிலிருந்து காலியான நூல் உருளைகளை எடுத்தார். தையற்கடையில் வாங்கியவை போலிருக்கிறது. அவற்றை ஒரு பட்டு நூலில் வரிசையாகக் கோத்து இறுக்கிப் பிடித்தார். "இது முதுகெலும்பு. உள்ள போற நூல்தான் காலுக்குச் சேதி கொண்டு போறது. விழுந்த ஆளுக்கு எலும்பு ஒடிஞ்சாலும் நூல் சில சமயம் அறுகாம இருக்கும். இப்ப அண்ணன் தூக்கினாரே, அப்ப இவர் முதுகு எப்படி வளைஞ்சது?" என்றபடி உருளைகளை நடுவில் மடக்கினார். ஒரு உருளை நழுவிக் குறுக்கே திரும்பியது. அதன் உடைந்த விளிம்பில் நூல் பட்டென்று அறுந்தது. "நாலு பேர் வேணும். தலையும் முதுகும் ஒரே நேரா இருக்கணும். பலகை இல்லன்னா ஒரு கதவைக் கழட்டியாவது கொண்டாங்க."

மற்றவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கலியமூர்த்தி எழுதவில்லை. அவருக்குக் காத்தவராயன் ஞாபகம் வந்துவிட்டது.

எட்டு வருஷத்துக்கு முன் உப்பளம் பகுதியில் ஒரு வெல்லக் கிடங்குக்கு வெள்ளையடிக்கும்போது மூங்கில் சாரத்திலிருந்து விழுந்தவன் காத்தவராயன். தலையிலிருந்து ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. சுற்றி நின்ற கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், கலியமூர்த்தி ஒற்றை ஆளாக அவனை வாரியெடுத்து வண்டிக்கு ஓடினார். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் உயிர் தங்கியிருக்காது என்றார்கள். உயிர் தங்கியது. இடுப்புக்குக் கீழே எதுவும் தங்கவில்லை. அவன் மனைவி கன்னியம்மாள் அன்றிலிருந்து வருஷா வருஷம் பொங்கலுக்குக் கலியமூர்த்திக்கு வேட்டி எடுத்துக் கொடுக்கிறாள். யார் வீட்டுக்கு வந்தாலும், "இந்த அண்ணன் இல்லன்னா எங்கூட்டு ஆளு இல்ல," என்று அவரை முன்னால் நிறுத்துவாள். அவரும் நின்றிருக்கிறார். அதை நினைக்கத்தான் இப்போது உடம்பு கூசியது.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபின் டாக்டரிடம் போய் நின்றார்.

"கீழ விழுந்ததுல கால் போச்சா, தூக்கினதுல போச்சான்னு எப்பிடிம்மா கண்டுபிடிக்கிறது?"

டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தார். என்ன என்று கேட்கவில்லை. "தூக்கறதுக்கு முன்னாடி கேக்கணும். கால அசைக்க முடியுதா, தொட்டா தெரியுதான்னு. கேட்டீங்களா?"

"கேக்கலம்மா."

"உங்களுக்கு யாரும் சொல்லித் தரல இல்ல," என்றார் டாக்டர். நல்ல மனுஷிதான். ஆனால் அந்த ஆறுதல் கலியமூர்த்திக்குள் இறங்கவில்லை.

சாயங்காலம் வண்டி கழுவும்போது, காத்தவராயனிடமே கேட்டுவிடப் போவதாகத் தணிகாசலத்திடம் சொன்னார். காத்தவராயன் விழுந்த அன்றைக்கும் வண்டி ஓட்டியது அவர்தான். பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு, "கெளறாதய்யா," என்றார். "அந்தப் பொம்பள உன்னச் சாமியா நெனச்சிகினு இருக்குது. நீ போயி கேட்டு இன்னா ஆவப்போவுது? கால் வந்துருமா?"

வராதுதான். ஆனாலும் கலியமூர்த்திக்கு ஒரு நப்பாசை இருந்தது. விழுந்தபோதே மரத்துப்போச்சு என்று காத்தவராயன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், மிச்ச காலத்தைத் தலை நிமிர்ந்து ஓட்டிவிடலாம். நாலு நாள் அந்த ஒரு வார்த்தையை வாய்க்குள் போட்டு மென்றுகொண்டே பயிற்சிக்குப் போய் வந்தார். கடைசி நாள் சான்றிதழ் கொடுத்தார்கள். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், வீட்டில் காட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வழக்கம்போல் காத்தவராயன் வீட்டுக்குப் போனார். மற்ற நாட்களில் கன்னியம்மாள் ஈரத்துணியால் துடைத்துவிடுவதோடு சரி. தலைமுழுக்கு ஞாயிறுதான், கலியமூர்த்தி வந்து தூக்கிக்கொண்டு போய்ப் பின்கட்டில் உட்காரவைத்தால்தான். வெந்நீர் அண்டா அடுப்பிலிருந்து இறங்கியிருந்தது. காத்தவராயன் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு கட்டிலில் தயாராக இருந்தான்.

"இன்னாண்ணே, பெரிய படிப்பெல்லாம் படிக்கிறியாமே?"

"ஆமா." கலியமூர்த்தி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "காத்தவராயா, அன்னிக்கு நீ கீழ கெடந்தப்ப, நான் வர்றதுக்கு முன்னாடி, கால் தெரிஞ்சிதா உனக்கு?"

"தெரியாம? கட்டெறும்பு புடுங்கி எடுத்துருச்சில்ல," என்று அவன் சிரித்தான். "கிடங்குல வெல்லம் ஒழுகி இருந்துது. மண்டை ஒடஞ்சது கூட உறைக்கலண்ணே, குதிகால்ல எறும்புதான். ஒதறி ஒதறிப் பாத்தேன், உட மாட்டேன்னுது. எங்காலுக்குக் கடைசியா தெரிஞ்சது அதான். எப்பனா நெனச்சிப்பேன்."

"ஒதறினியா?"

"ஆமாங்கறேன்."

கன்னியம்மாள் அண்டாவில் விரலை விட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தாள். கலியமூர்த்தி அவன் குதிகாலைப் பார்த்தார். இப்போதும் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை, வாயை மூடிக்கொண்டு குனிந்து தூக்கினால் இந்த ஞாயிறும் போன ஞாயிறு மாதிரிதான். ஆனால் கை எழவில்லை.

"அப்ப நான் தூக்கினதுலதான்யா போயிருக்குது," என்றார். "உன்ன மடக்கித் தூக்கி இருக்கக் கூடாது. நாலு பேரா, பலகையில வச்சி எடுத்திருக்கணும். எனக்குத் தெரியாது. தெரியாமப் பண்ணிட்டேன்."

பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைக்கிற சத்தம் கேட்டது. கன்னியம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். அவள் கணவனையும் பார்க்கவில்லை, இவரையும் பார்க்கவில்லை.

"எட்டு வருசம்," என்றான் காத்தவராயன், கணக்குச் சரிதானா என்று பார்ப்பவன் மாதிரி. பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். எண்ணெய் அவன் காதோரம் வழிந்து தலையணையில் இறங்கியது. யாரும் துடைக்கவில்லை.

போ என்று சொன்னால் போய்விடலாம். இரு என்று சொன்னால் காலில் விழலாம். இரண்டும் இல்லாமல் கலியமூர்த்தி எழுந்து நின்றார். நின்ற இடத்தில் தன் கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

சுவரைப் பார்த்தபடியே, "தண்ணி ஆறிகினு இருக்குது," என்றான் காத்தவராயன்.

கழுத்தைக் கட்டிக்கொள்ளத் தோதாக அவன் இரண்டு கைகளும் மேலே எழுந்தன. முகம் மட்டும் திரும்பவில்லை.