ஜெரால்டு வரைந்த கல்யாணப் பானை

கோடை விடுமுறையின் மூன்றாவது வாரத்தில், வீட்டு ஓனரின் ஸ்கூட்டர் சீட்டில் ஜெரால்டு பெயிண்டால் ஒரு சூரியன் வரைந்தான். அவனுக்கு ஏழு வயது. அவன் அக்கா ஸ்டெல்லாவுக்கு ஒன்பது. அவள் அந்தச் சூரியனுக்குக் கீழே கடலை வரைந்து முடித்திருந்தாள்.

"நாளைக்கு லீவு போட்டுட்டு ரெண்டையும் எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க. எதையாச்சும் வரைஞ்சுதான் தீரும்னா, ஊருக்கு வெளியில வரையட்டும்" என்றாள் இளவேனில். அவள் டீச்சர். விடுமுறையிலும் விடைத்தாள் திருத்தும் வேலை இருந்தது.

கணவன் பிராங்க்ளின் மின்வாரியத்தில் கிளார்க். செம்பட்டி ரோட்டில் நாச்சிமுத்து என்பவர் மண்பானை செய்து விற்பது அவனுக்குத் தெரியும். மறுநாள் டிவிஎஸ் பிப்டியில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினான்.

பிள்ளைகள் பானையில் வரைய நாச்சிமுத்து சந்தோஷமாகவே சம்மதித்தார். பெயிண்ட் டப்பாக்களையும் பிரஷ்களையும் எடுத்து வைத்தார்.

"இடது பக்கம் இருக்குறதெல்லாம் விரிசல் விட்டது சார். அதுல என்னத்த வேணாலும் வரையட்டும். நான் செம்பட்டி வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று சைக்கிளில் ஏறினார்.

அவர் இவர்களைப் பார்த்து நின்றுகொண்டு சொன்னார். அவருடைய இடது பக்கம் இவர்களுக்கு வலது பக்கம். பிராங்க்ளின் தன் இடது பக்கம் திரும்பினான். சுண்ணாம்பு பூசி, வெள்ளை வெளேரென்று ஐந்து பானைகள் இருந்தன. பிள்ளைகளுக்காக இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறாரே என்று நெகிழ்ந்தான். பிறகு வேப்பமர நிழலில் துண்டை விரித்துப் படுத்தான். செத்த நேரம் கண்ணை மூடலாம் என்று நினைத்ததுதான், அசந்து தூங்கிவிட்டான்.

"அய்யய்யோ!"

நாச்சிமுத்துவின் குரலில் பிராங்க்ளின் துள்ளி எழுந்தான்.

"சார், இது ரெட்டியார்சத்திரத்துக் கல்யாணப் பானை! மணமேடையில அடுக்குறது! நாலு மணிக்கு எடுக்க வாராக!"

அப்போது மணி மூன்றரை.

ஐந்தில் இரண்டு வெள்ளையாகவே தப்பியிருந்தன. ஸ்டெல்லாவின் இரண்டு பானைகளைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. ஒன்றில் தாமரை. இன்னொன்றில் மயில். கோழிக்குக் கொஞ்சம் பக்கமாக இருந்தாலும் மயில்தான். ஜெரால்டின் பானைதான் பிரச்சினை. அப்பாவின் ஆபீஸ் வாசல் டிரான்ஸ்பார்மரில் இருக்கும் படத்தை அச்சு அசலாக இறக்கியிருந்தான். ஒரு மண்டை ஓடு, அதற்கடியில் குறுக்காக இரண்டு எலும்பு. கீழே 'அபாயம்' என்று எழுதப் போய், ஒரு காலை விட்டுவிட்டு, சிவப்பில் கொட்டை எழுத்தில் 'அபயம்' என்று எழுதியிருந்தான்.

ஈரத்துணியால் துடைத்தார்கள். சுண்ணாம்புதான் கரைந்தது. எனாமல் பெயிண்ட் அசையவில்லை.

நாச்சிமுத்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "கல்யாண வீட்டுல மண்டை ஓடா சார்?"

பிராங்க்ளின் பிரஷ்ஷை எடுத்தான். கண் குழிகளுக்குள் பெரிய கண்களை வரைந்தான். பல்லையெல்லாம் மூடி உதடு வைத்தான். தலைக்குக் கிரீடம். "நெத்திக்கு என்னங்க போடணும்?" என்று கேட்டான். "விபூதிப்பட்டை மூணு கோடு, நடுவுல பொட்டு" என்று எழுந்து வந்தார் நாச்சிமுத்து. ஓர் எலும்பின் நுனியைக் கூராக்கியதும் வேலாயிற்று. இன்னொன்றில் சேவல் கொடி ஏறியது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற பிராங்க்ளின், இருபது நிமிடத்தில் ஒரு முருகனை வரைந்து முடித்தான்.

டெம்போ வந்து நின்றது. கல்யாணப் பெண்ணின் அம்மா அய்யம்மாள் இறங்கினாள். நேராக மூன்றாவது பானைக்கு முன்னால் வந்து நின்றாள். எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"அ...ப...யம். ஆத்தாடி! முருகன் அபயம்னு சொல்லிக்கிட்டு நிக்கிறாரே! யாரு வரைஞ்சது?"

"நான்தான்" என்றான் ஜெரால்டு.

அய்யம்மாள் அவன் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, பானையை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணில் நீர் முட்டியது. பிராங்க்ளினால் அதைத் தாங்க முடியவில்லை.

"அம்மா, ஒரு நிமிஷம்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். நாச்சிமுத்து வானத்தைப் பார்த்தார்.

அய்யம்மாள் பானையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். குனிந்து பார்த்தாள்.

"எலும்பு எங்கப்பு இருக்கு? எனக்கு வேலுதான் தெரியுது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மாப்பிள்ளை வீட்டுக்காரக அம்புட்டுக்கும் குத்தம் சொல்லுவாக. காலையில பிள்ளைகளக் கூட்டிட்டுக் கல்யாணத்துக்கு வந்துரணும். சாப்பிடுறதுக்கு மட்டும் வாயத் தொறங்க."

பானைகள் வைக்கோலுக்குள் பத்திரமாக உட்கார்ந்து டெம்போவில் போயின.

இரவு எட்டு மணிக்கு, ஜெரால்டின் கைப் பெயிண்ட்டை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டே இளவேனில் கதையைக் கேட்டாள். சேவல் கொடி வந்த இடத்தில் சிரிப்பு தாங்காமல் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"முகூர்த்தம் எத்தனை மணிக்கு?" என்றாள், கண்ணைத் துடைத்தபடி. "அந்தம்மாவுக்கு நல்ல மொய்யாச் செஞ்சுட்டு வரணும்ங்க."