சந்தனம் பூசிய இரண்டு வட்டுகள்

ஜொகூர் பாருவில் ஒரு துணிக்கடையின் மாடியில் யோகேஸ்வரியும் ஜாஸிமும் கல்யாண வீடியோக் கடை நடத்திவந்தார்கள். படம் பிடிப்பது ஜாஸிம்; அதை வெட்டி ஒட்டிக் கோத்துத் தருவது யோகேஸ்வரி. ஒரே வகுப்பில் படித்தவர்களாதலால், ஒருவர் தவற்றை மற்றவர் சுட்டிக்காட்டுவதில் இருவருக்கும் கூச்சம் என்பதே கிடையாது.

கடைக் கணினியில் லினக்ஸ் ஓடியது. அதனோடு படங்களைச் சேமிக்கும் இரண்டு வெளி வட்டுகள் இணைந்திருந்தன. ஒரே கறுப்பு, ஒரே கொள்ளளவு. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். பழையது விழித்தெழுந்து சுழலவே வெகுநேரம் எடுத்துக்கொள்ளும் என்பதால் அதற்கு ஆமை என்று பெயர். கல்யாணங்களையெல்லாம் தனக்குள் தோகையாக மடித்து வைத்திருந்த புதியது மயில். யோகேஸ்வரிக்கு எதிலும் ஒழுங்கு வேண்டும். வட்டுகளின் முதுகில் வெள்ளைத்தாளை ஒட்டி, ‘ஆமை – எஸ்டிபி’ என்றும் ‘மயில் – எஸ்டிசி’ என்றும் எழுதியிருந்தாள். எஸ்டிபி, எஸ்டிசி என்பவை கணினி அவற்றுக்கு இட்டிருந்த பெயர்கள். நான்கு மாதங்களாகக் கணினியை அணைக்கவே இல்லை, பெயர்களும் மாறவில்லை.

ஆயுத பூசை வந்தது. யோகேஸ்வரி கணினியை அணைத்து, வயர்களைக் கழற்றி, கேமரா முதல் வட்டுகள்வரை எல்லாவற்றையும் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்துச் சாமி படத்துக்கு முன் அடுக்கினாள். பூசையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது என்பது அவள் வீட்டு வழக்கம். ஜாஸிம் பூசைக்கு நிற்கவில்லை; சுண்டலுக்கு மட்டும் சரியான நேரத்தில் வந்து சேர்ந்தான்.

அப்படி ஒரு நாள் போனதால் மறுநாள் வேலை கழுத்தை நெரித்தது. கடலோர ஊரான மெர்சிங்கில் போன வாரம் மணமுடித்த லோஷினிக்கு அன்று மாலை ஜொகூர் பாருவில் விருந்து. கல்யாணப் படம் மேடையில் ஓட வேண்டும். பெண்ணின் தந்தை வீரமுத்து ஐந்து மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். கேமரா அட்டைகளை ஜாஸிம் அடுத்த கல்யாணத்துக்காக ஏற்கெனவே அழித்துவிட்டான். ஆகவே, அந்தக் கல்யாணம் இந்த உலகத்தில் மயிலின் வயிற்றில் மட்டுமே இருந்தது.

மயிலிலோ இனி எள் வைக்க இடமில்லை. ஆமையில் கிடந்த பழைய குப்பைகளைத் துடைத்தெறிந்தால்தான் முடிந்த படத்தை இறக்கி வைக்க முடியும். யோகேஸ்வரி இரண்டு வட்டுகளையும் இணைத்துக் கணினியைத் திறந்தாள். ஆமையின் முதுகைப் பார்த்தாள். துடைக்கும் கட்டளையை அடித்து, அதன் முடிவில் எஸ்டிபி என்று சேர்த்தாள். விரல் எண்டர் விசைக்கு மேல் போய் நின்றது.

“நில்லு, நில்லு! எதை அழிக்கிறே?” என்றான் ஜாஸிம்.

“ஆமையை.”

“ஆமைதான்னு எப்படித் தெரியும்?”

“எழுதி ஒட்டியிருக்கேன்ல, கண்ணு தெரியலையா?”

“சந்தனம்தான் தெரியுது. எதுக்கும் ஒரு தடவை லிஸ்ட் பாத்துட்டு அடி லா.”

“நாலு மாசமா எஸ்டிபின்னா ஆமை. ஒரே நாள்ல பேரை மாத்திக்கிச்சா?”

“மயிலுக்குள்ள என்ன இருக்குன்னு மறந்துட்டியா? மெர்சிங் படகுத்துறையில மாப்பிள்ளையோட தலப்பாவைக் காத்து தூக்கிட்டுப் போயி மீன் படகுல போட்டுச்சே! அந்த ஒரு சீனுக்கு முட்டி வரைக்கும் கடல்ல நின்னேன். மறுபடியும் தலப்பாவைப் பறக்கவிடச் சொல்லி மாப்பிள்ளையைக் கேக்கவா?”

“மேளக்காரர் தோத்துடுவாரு உன்கிட்ட. இந்தா, நல்லாப் பாத்துக்கோ. பாத்துட்டு வாயை மூடு.”

அவள் திரையில் இன்னொரு சாளரத்தைத் திறந்து ‘எல்எஸ்பிஎல்கே’ என்று அடித்தாள். நமசிவாயத்தைப் போல இதற்கும், ஆங்கிலத்தில், எழுத்து ஐந்துதான். உச்சரித்தவருக்கு மோட்சம் தராவிட்டாலும், எந்த வட்டு எந்தப் பெயரில் நிற்கிறது, அதற்குள் எத்தனை பிரிவுகள் இருக்கின்றன என்பதைக் கிளை கிளையாகக் காட்டிவிடும்.

“பாரு,” என்று யோகேஸ்வரி பெருமையோடு திரையில் விரலை வைத்தாள். “ஆமையை எனக்கு வித்தவன் ரெண்டு பிரிவா வச்சிருந்தான். பெரிசு ஒண்ணு, வாலு மாதிரி சின்னது ஒண்ணு. மயிலுக்கு ஒரே பிரிவு. இப்ப எஸ்டிபிக்குக் கீழே பாத்தியா, ரெண்டு...”

விரல் நின்றது. எஸ்டிபிக்குக் கீழே கிளை ஒன்றே ஒன்று. வாலும் உடலுமாக இரண்டு கிளைகள் தொங்கியது எஸ்டிசிக்குக் கீழே.

நடந்தது இதுதான். சிங்கப்பூர்ப் பாலம் கடக்கும் காலை பஸ்ஸில் யாருக்கும் நிலையான இருக்கை கிடையாது. முதலில் ஏறியவர் முதலில் உட்காருவார். கணினியும் அப்படித்தான். வட்டுகள் விழித்துக்கொண்ட வரிசையில் பெயர் கொடுக்கும். முன்பு யோகேஸ்வரி ஆமையை முதலில் செருகியிருந்ததால் அதற்கு எஸ்டிபி வாய்த்தது. இன்று இரண்டும் ஒன்றாக எழுப்பப்பட்டன. ஆமை சோம்பல் முறித்து எழுவதற்குள் மயில் அந்த இருக்கையில் போய் உட்கார்ந்துவிட்டது.

“அலமாக்!” என்றாள் யோகேஸ்வரி. கொதிக்கும் சட்டியிலிருந்து எடுப்பதுபோல் விசையிலிருந்து கையை எடுத்தாள். அடித்த கட்டளையை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள்.

வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்காட்டக் கூடிய ஒரு வாய்ப்பு ஜாஸிமுக்குக் கிடைத்திருந்தது. அவன் ஒரு நிமிடம் அதை மனத்துக்குள் ருசித்தான். பிறகு, “சுண்டல் மிச்சம் இருக்கா?” என்று மட்டும் கேட்டான்.

“முழுசா எடுத்துக்கோ,” என்றாள் அவள்.

வட்டுகளுக்குள் பதிந்திருந்த சொந்தப் பெயர்களையும் வரவழைத்து, ஆமை ஆமைதானா என்று மூன்று முறை பார்த்த பிறகே யோகேஸ்வரி துடைத்தாள். ஐந்துக்குக் கால் மணி இருக்கும்போது படம் இறங்கி முடிந்தது. படியேறி வந்த வீரமுத்து, “கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்கம்மா,” என்றார். மருமகனின் தலைப்பாகை பறந்து மீன்களுக்கு நடுவே விழுந்ததும், சிரித்த சிரிப்பில் நிற்க முடியாமல் நாற்காலியைத் தேடினார். கண்ணைத் துடைத்துக்கொண்டவரின் பார்வை வட்டுகளின்மேல் விழுந்தது.

“என்னம்மா, பாதித் தாளைக் கிழிச்சு வச்சிருக்கீங்க?”

தாளில் ஆமை, மயில் என்ற பெயர்கள் மட்டும் மிஞ்சியிருந்தன.

“அடுத்த பூசைக்கும் பொட்டு வைப்பேன் அங்கிள்,” என்றாள் யோகேஸ்வரி. “எந்த சீட்டுல உக்காந்திருக்குங்கன்னு மட்டும் அதுங்ககிட்டயே கேட்டுக்குவேன்.”

வீரமுத்துவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாய் நிறையச் சுண்டலோடு இருந்த ஜாஸிமுக்கு விளக்கிச் சொல்ல முடியவில்லை.