ராஜாமணி பாலம் ஏறியது

சலூன்காரர் கத்தியைத் தீட்டி முடிப்பதற்குள் அண்ணாதுரை அவர் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து முகத்தை நிமிர்த்திவிட்டார்.

"மீசைய எட்றா."

"செத்தது உன் சேக்காளி. உனக்கும் அவருக்கும் இன்னா பங்காளி மொறையா? பெத்த புள்ள மோகனுக்கே சுடுகாட்டுலதான் எடுக்கணும். நீ எதுக்கு இங்க வந்து குந்திகினுகீற?"

"பந்தயம்டா. அவன் ஜெயிச்சிட்டான்னு வச்சிக்கோ. கேள்வி கேக்காம எடு."

பந்தலுக்குள் ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தென்றலுக்கு இது நன்றாகக் கேட்டது. உள்ளே கிடந்த அப்பாவுக்குக் கேட்டிருந்தால் பெட்டியை உதைத்துக்கொண்டு எழுந்து வந்திருப்பார். அவர் வரமுடியாததால் இவள் எழுந்து போனாள். காலை ஷிப்டுக்குப் போனவள் அப்படியே திரும்பி வந்ததில், சுடிதாருக்கு மேல் கம்பெனி நீலச் சட்டை இன்னும் உடம்பிலேயே இருந்தது.

"எய்ந்திரு மாமா. ஏறாத பாலத்துக்கு நீ மீசைய குடுத்தா அதுக்குப் பேரு பிச்ச. எங்கப்பா யார்கிட்டயும் பிச்ச வாங்கினது இல்ல."

அண்ணாதுரையின் கண்கள் கலங்கின. "அவன்தான் பூட்டானே கண்ணு. இனிமே யாரு ஏறப்போறா?"

அந்தக் கேள்வி தென்றலைச் சும்மா விடவில்லை.

ராஜாமணிக்கு வயது எண்பத்தொன்று. விடியற்காலையில் காபி குடித்தார். சர்க்கரை பத்தவில்லை என்று மனைவி அம்சவல்லியைத் திட்டினார். கொஞ்சம் சாய்ந்துகொள்கிறேன் என்று படுத்தார். அம்சவல்லி சர்க்கரை டப்பாவோடு திரும்புவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். படுக்கையில் கிடக்கவில்லை, யார் கையையும் எதிர்பார்க்கவில்லை. கல்யாணச் சாவு என்று ஊர் ஒரே குரலில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பத்து மணிக்கெல்லாம் சுங்குவார்சத்திரத்திலிருந்து மேளம் வந்து இறங்கியது. பேரன்கள் வேட்டியை மடித்துக் கட்டி ஆட ஆரம்பித்தார்கள். அம்சவல்லியே அழுகைக்கு நடுவில், "போற போக்குல கூட சண்ட போட்டுட்டுத்தான் போனாரு" என்று சிரித்துவிட்டாள்.

தென்றலும் அழ வேண்டியதை அழுது, சிரிக்க வேண்டியதைச் சிரித்துவிட்டாள். ஆனால் கொல்லைப்புறம் ஸ்டாண்டு போட்டு நின்ற சைக்கிளைப் பார்க்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அது எழுபத்தொன்றில் வாங்கிய இரும்பு வண்டி. ராஜாமணி அதில்தான் ஏர் பிடிக்கப் போனார். நிலம் கம்பெனிக்குப் போன பிறகு, அதே நிலத்தின் வாசலில் செக்யூரிட்டியாக நிற்கவும் அதில்தான் போனார். எதுவும் அவரை வண்டியிலிருந்து இறக்கவில்லை. இறக்கியது மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த மேம்பாலம். டீக்கடை பாலத்துக்கு அந்தப் பக்கம். பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கும், இறங்கித் தள்ளுவார். இதை டீக்கடைக்குப் போகும் வழியில் தினமும் பார்த்த அண்ணாதுரை, ஒருநாள் வாய் சும்மா இராமல், "வண்டி உன்ன ஏத்திகினு போவுதா, நீ வண்டிய ஏத்திகினு போறியா?" என்று கேட்டுவிட்டார்.

அங்கே பிறந்ததுதான் பந்தயம். கால் தரையில் படாமல் ராஜாமணி பாலத்து உச்சியைத் தொட்டால் அண்ணாதுரை மீசையை எடுத்துவிட வேண்டும். ஐம்பது வருஷ மீசை. ஊரில் பாதிப் பேருக்கு அண்ணாதுரையை அடையாளம் தெரிவதே அதை வைத்துத்தான்.

ராஜாமணி மகளிடம் வந்தார். தென்றல் ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் லைன் லீடர். கூட வேலை செய்கிறவளின் பையன் ஓட்டி உடைத்த கியர் சைக்கிளிலிருந்து ஆறு பல்சக்கரத்தையும், செயினை அதில் மாற்றிப் போடும் கையையும், ஹேண்டில்பாரில் மாட்டும் புதுமாதிரி ஷிப்டரையும் கழற்றி வாங்கி வந்து கொடுத்தாள். கிழவர் எல்லாவற்றையும் தானே மாட்டினார். ஒன்றே ஒன்று மட்டும் அவருக்கு அடங்கவில்லை.

ஷிப்டரிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு கேபிள் போகும். அதன் மேலுறை நடுவழியில் எங்காவது முட்டி நிற்க வேண்டும். உள்ளே இருக்கும் கம்பி மட்டும் அதைத் தாண்டி ஓட வேண்டும். இப்போது வரும் வண்டிகளில் அந்த முட்டு ஃபிரேமிலேயே இருக்கிறது. எழுபத்தொன்றில் கியரைப் பற்றி யார் நினைத்தார்கள்? அதனால் வளையம் மாதிரி குழாயைச் சுற்றிப் பிடிக்கும் ஸ்டாப்பர் இரண்டு வாங்கி, ஒன்றைப் பெடலுக்கு இறங்கும் சாய்வுக் குழாயிலும் இன்னொன்றைப் பின்சக்கரத்துக்குப் போகும் குழாயிலும் மாட்டினார். பின்னால் மாட்டியது அசையாமல் நின்றது. முன்னால் மாட்டியது, ஷிப்டரைத் தட்டிய மாத்திரத்தில் வழுக்கிக்கொண்டு கீழே போனது. அது வழுக்கினால் கம்பி தொய்யும். கம்பி தொய்ந்தால் செயின் போய் கனமான பல்லில் விழும். அந்தப் பல்லில் இளவட்டம் கூடப் பாலம் ஏறமுடியாது.

"தென்றலு, இந்த ஸ்டாப்பரு நிக்கமாட்டேங்குதும்மா. வந்து ஒருவாட்டி பாரேன்."

"ஞாயித்துக்கெழம வரேம்பா."

மூன்று ஞாயிற்றுக்கிழமைக்கும் ஓ.டி. வந்தது. நான்காவது ஞாயிறுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

தென்றல் கொல்லைக்குப் போய் வண்டியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். மணி இரண்டு. நான்கு மணிக்குத் தேர் எடுப்பதாகப் பேச்சு. வளையத்தைத் தொட்டாள், ஆடியது. போல்ட்டைப் பார்த்தாள். இரண்டே புரிதான் பிடித்திருந்தது. வளையம் சின்னது என்று அப்பா அதை விற்ற கடைக்காரனைத் திட்டியது நினைவுக்கு வந்தது. ஆனால் அளவு சரியாகத்தான் வாங்கினோமே? பின்னால் இருப்பது மட்டும் எப்படி நிற்கிறது? அங்கே செயின் கவர் மறைக்கிறது. அதைக் கழற்றாமல் ஒரு கைகூட உள்ளே போகாது. கையே போகாத இடத்தில் பெயின்ட் பிரஷ் எப்படிப் போகும்?

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

ராஜாமணி வருஷம் தவறாமல் ஆயுதபூஜைக்குச் சைக்கிளுக்குப் பெயின்ட் அடிப்பார். பழையதைச் சுரண்டுவது பாவம் என்பார். அதன் மேலேயே அடிப்பார். ஐம்பது ஆயுதபூஜைக்கு மேல். குழாய் பெயின்டிலேயே பருத்துப்போயிருந்தது. வளையம் இரும்பைப் பிடிக்கவே இல்லை. பெயின்டைத்தான் பிடித்திருந்தது.

"மோகா! ஒரு பிளேடும் ஸ்பேனரும் எடுத்துகினு வா!"

தம்பி மோகன் ஈர வேட்டியோடு ஓடி வந்தான். கொள்ளி வைக்க வேண்டியவன் அவன். "இன்னாக்கா பண்ற? அங்க சொந்தக்காரங்கல்லாம் கேக்கறாங்க."

"குழாய சுரண்டறேன். எங்க லைன்ல முத நாள் சொல்லிக் குடுக்கறதே இதான்டா. கிளாம்பு வெறும் இரும்பத்தான் கடிக்கணும். இதப் பாத்தவுடனே சொல்லியிருப்பேன். அஞ்சு நிமிசம் வந்திருந்தா போதும்." மோகன் பிளேடை நீட்டினான்.

இரண்டு விரல் அகலத்துக்குச் சுரண்டினாள். மேலே கம்பெனி கேட்டுக்கு அடித்து மிஞ்சிய சாம்பல் நிறம். அதன் கீழே பச்சை, அதன் கீழே நீலம். மாடுகள் இருந்த காலத்தில் கொம்புக்கு அடித்து மிஞ்சிய சிவப்பு மட்டும் ஏழெட்டு அடுக்கு.

"இந்த நீலம் நீ வயசுக்கு வந்த வருசம்" என்றாள் பின்னால் வந்து நின்ற அம்சவல்லி. "அவரு உசுரோட இருந்தா சுரண்ட வுட்டிருப்பாரா? கைய ஒடிச்சிருப்பாரு."

கடைசியில் இரும்பு வெள்ளையாகப் பளபளத்தது. வளையத்தை வைத்து முடுக்கினாள். போல்ட் கடைசிப் புரிவரை போய்ப் பூட்டிக்கொண்டது. உறையை முட்டில் பொருத்தி, கம்பியை இழுத்துக் கட்டி, ஷிப்டரைத் தட்டினாள். செயின் ஒரு பல் தாண்டி உட்கார்ந்தது. இருபது தடவை தட்டினாள். ஸ்டாப்பர் நகரவில்லை.

"நான் ஓட்டறேன்" என்றாள்.

மோகன் பதறினான். "நல்லா கீது போ. பொம்பளைங்க தெருமுனையோட திரும்பணும். நீ சுடுகாட்டு வழியில வந்தா ஊர்ல இன்னா பேசுவாங்க?"

"வேற யாரு ஓட்டறது? கொள்ளிச் சட்டிய தூக்கிகினு நீ ஓட்டுவியா?"

பெரியவர்கள் இரண்டு பேர் கூடவே வந்து, வழக்கம் வழக்கம்தான் என்றார்கள். அம்சவல்லி முந்தானையை உதறிச் செருகினாள். அன்று யாரும் அவளை எதிர்த்துப் பேசமுடியாது, அது அவளுக்கும் தெரியும்.

"பொம்பள சுடுகாட்டுக்குப் போவக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்காங்க, சரி. பாலத்துக்குப் போவக்கூடாதுன்னு எவன் சொன்னான்? வழக்கம் வந்தப்ப பாலம் ஏது? எம் பொண்ணு உச்சியோட திரும்பிடுவா. தேர எடுங்க."

தேர் கிளம்பியது. பூமாலையும் பலூனுமாக அதைக் கட்டியவன் கோயில் உற்சவத்துக்கும் கட்டுகிறவன், வித்தியாசம் பார்க்காமல் கட்டியிருந்தான். பட்டாசு தெருவை நிறைத்தது. தெருமுனையில் பெண்கள் நின்றுவிட, தென்றல் பாரின்மேல் காலைத் தூக்கிப் போட்டு ஏறினாள். பத்து வயதில் இதே பாருக்கு அடியில் காலை நுழைத்துப் பழகியவள். அப்பாவுக்கு முன்னால் போவது இதுவே முதல் தடவை.

பாலத்தின் அடியில் ஷிப்டரைத் தட்டினாள். பெடல் லேசானது. இன்னொரு தட்டு, இன்னும் லேசு. பின்னால் கன்டெய்னர் லாரிகள் மேளத்துக்கு வழிவிட்டு வரிசையாக நின்றன. பாதி ஏற்றத்தில், அப்பா தினமும் இறங்கிய அந்த விளக்குக் கம்பத்தருகே, தொடை எரிந்தது. குனிந்து ஸ்டாப்பரைப் பார்த்தாள். சுரண்டிய இடத்தில் அப்படியே நின்றது. கடைசிப் பல்லுக்குத் தட்டினாள். மூச்சு இரைக்க, வாயெல்லாம் சிரிப்பாக, உச்சிக்கு வந்துவிட்டாள்.

ஆனால் தேர் இன்னும் கீழே இருந்தது. அப்பா வருவதற்குள் காலை ஊன்றினால் அதை அண்ணாதுரை ஒத்துக்கொள்ளலாம், அப்பா ஒத்துக்கொள்ளமாட்டார். அதனால் ஹேண்டிலை ஒடித்து, உச்சியிலேயே வட்டம் போட ஆரம்பித்தாள். லேசான பல்லில் வண்டி தள்ளாடித் தள்ளாடிச் சுற்றியது.

தேருக்கு முன்னால் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணாதுரை ஓடி வந்தார். அவள் காலைப் பார்த்தார். பெடலைப் பார்த்தார். திரும்பி நின்று தேரைப் பார்த்துக் கத்தினார்:

"டேய் ராஜாமணி! ஏறிட்டடா! ஏறிட்ட!"

மேளக்காரர்கள் விஷயம் புரியாமலே அடியை மாற்றிப் பிளந்து கட்டினார்கள். கூட்டத்தில் இருந்த சலூன்காரர் தன் பையைத் தட்டிக் காட்டினார். அண்ணாதுரை அங்கேயே தார் ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அழுதுகொண்டே முகத்தை நிமிர்த்தினார். சுடுகாட்டில் எடுத்துக்கொள்ளலாம் என்று இரண்டு பேர் அவரைத் தூக்கிவிட வேண்டியிருந்தது. கொள்ளிச் சட்டியோடு வந்த மோகன் அக்காவைப் பார்த்து ஒரு கணம் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தான்.

தேர் அவள் போட்ட வட்டத்தைத் தாண்டிப் போனது. சாமந்திப் பூ கொஞ்சம் அவள் சட்டையில் விழுந்தது. பிறகு அந்தப் பக்க இறக்கத்தில் முதலில் மேளமும், அதன் பின் தேரும், கடைசியில் பலூன்களும் மறைந்தன.

அண்ணாதுரை மட்டும் நின்று திரும்பிப் பார்த்தார். "போதும் கண்ணு. ஜெயிச்சாச்சு. கால ஊனு."

"ஊனறேன் மாமா, நீ போ" என்று சொல்லிவிட்டுத் தென்றல் இன்னொரு வட்டம் போட்டாள்.