பேசுகிறவர் முடிக்கட்டும்

என் அப்பா மாதம் ஒருமுறை லாட்ஜுக்குப் போகிறார் என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்லி, வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த நாளிலிருந்து அந்த இடத்தை எனக்குப் பிடிக்காது. அவர் போவது ஃப்ரீமேசன் என்கிற பழைய சகோதர சங்கத்தின் லாட்ஜுக்கு. கறுப்புக் கோட்டு, இடுப்பில் வெள்ளைத் தோல் ஏப்ரன், சாத்திய கதவு, கதவுக்கு வெளியே கையில் வாளோடு ஓர் ஆள். உள்ளே என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டால், நல்ல மனிதர்களாக இருக்க முயற்சி செய்கிறோம் என்பார். அதற்கு எதற்கு வாள் என்று கேட்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அவருக்குக் கண்ணாடிக்கடை. துடைக்க எப்போதும் ஏதாவது ஒன்று கையில் இருக்கும்.

அந்தக் கடையில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டு நான் மைக்செட் தொழிலுக்கு வந்தேன். அம்மா இருந்தவரை எங்கள் இருவருக்கும் நடுவில் பேச்சைக் கொண்டுபோகவும் கொண்டுவரவும் ஆள் இருந்தது. அம்மா போனபிறகு ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டோம். அவர் சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் நான் சமையலறைக்குள் போவேன். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போட வேண்டுமென்றாலும் பேசியாக வேண்டுமே.

போன வருஷம் லாட்ஜுக்கு ஒரு கவலை வந்தது. இருக்கிற உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு முழங்கால் போய்விட்டது, மீதிப் பேருக்குக் காது. இப்படியே போனால் கதவைச் சாத்த உள்ளே ஆள் இருக்காது. இளவட்டங்களை இழுக்க வேண்டும் என்று முடிவு செய்து, அந்தப் பொறுப்பை அப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். பேட்மின்டன் போட்டி, மலையேற்றம், வினாடி வினா, மாதாமாதம் இரண்டாவது ஞாயிறு காலைக் கூட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு. மனிதர் கடையில்கூட அவ்வளவு சுறுசுறுப்பாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. யாரையும் "வந்து சேர்" என்று அழைக்க மாட்டார்கள். சேர நினைக்கிறவன் தானாக வாய் திறந்து கேட்க வேண்டும். பெற்ற பிள்ளையானாலும் அப்படித்தான். அழைக்காமல் ஆள் சேர்ப்பது தண்ணீரில் இறங்காமல் நீச்சல் பழகுவது மாதிரி என்று நான் கிண்டல் செய்வேன். அப்பா என்னிடம் ஒருநாளும் சேரச் சொன்னதில்லை. மைக் நீ போடுகிறாயா, உன் கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு வா என்று மட்டும் சொன்னார். நான் கேட்கவேண்டும் என்றுதான் அவர் காத்திருந்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்காமல் இருப்பதில் எனக்கு ஓர் அற்பச் சந்தோஷம் இருந்தது.

கூட்டாளிகளிடம் நான் வேறு மாதிரி சொல்லி வைத்திருந்தேன். ஓசிச் சாப்பாடு, கூடவே இலவசக் காமெடி என்று. பல் டாக்டர் வந்தான், ஜிம்காரன் வந்தான், அவர்கள் பங்குக்கு இன்னும் சிலரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். லாட்ஜுக்காரர்களுக்கு வாயெல்லாம் பல். இளைஞர் கூட்டம் திரண்டுவிட்டதாம்.

பேட்மின்டன் நடந்த அன்று வண்டி நிறுத்துமிடத்தில் நான் ஒரு நாடகம் போட்டேன். சமையல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, கரண்டியை வாள் மாதிரி பிடித்துக்கொண்டு, அவர்கள் உள்ளே நடப்பதாகக் கேள்விப்பட்டபடி மூலைக்கு மூலை விறைப்பாகத் திரும்பி நடந்தேன். அதோடு விட்டிருக்கலாம். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். அதையும் சேர்த்துக்கொண்டேன். ஜிம்காரன் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். கைதட்டு வாங்கினால் எனக்குத் தலைகால் புரியாது. இன்னொரு தடவை நடந்து காட்டினேன்.

போன மாதம் இரண்டாவது ஞாயிறு. சாப்பாட்டு அறையில் ஸ்பீக்கர்களை வைத்துவிட்டு, அப்பாவின் கோட்டில் காலர் மைக்கை மாட்டினேன். கூட்டம் முடிந்து நேராக வந்து வினாடி வினா நடத்தப் போகிறவர், அப்போது தடுமாற வேண்டாம் என்று முன்கூட்டியே மாட்டிவிட்டேன். சுவிட்சைத் தொடாதீங்க, நான் இங்கேயிருந்து பார்த்துக்கறேன் என்றும் பெரிய நிபுணன் மாதிரி சொன்னேன். மாட்டும்போது அவர் மூச்சை அடக்கிக்கொண்டு, மோவாயைத் தூக்கியபடி அசையாமல் நின்றார். உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். ஏப்ரனை நீவிக்கொண்டே போனார். கதவு சாத்தப்பட்டது. வாசல் மாமா வாளோடு தன் நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியாள் யாரும் ஒட்டுக்கேட்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவருக்கு வேலை. மருந்துக்கடை வைத்திருக்கும் சாதுவான மனிதர், அந்த வாளால் வெண்ணெய்கூட வெட்டியிருக்க மாட்டார்.

நாங்கள் சாப்பாட்டு அறையில் காத்திருந்தோம். சும்மா இருப்பானேன், ஒரு பாட்டுப் போடலாமே என்று, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பெட்டியில் மொத்தச் சத்தத்தை ஏற்றினேன். பாட்டுக்கு முன்னால் ஓர் இருமல் வந்தது. அப்பாவின் இருமல்.

காலர் மைக்கின் ஸ்லைடரை இறக்கியதாக நினைத்துப் பக்கத்து ஸ்லைடரை இறக்கியிருக்கிறேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் யானைகூட இல்லை, வெறும் கவனக்குறைவு. கை தானாக ஸ்லைடருக்குப் போனது. "டேய், விடுடா, ரகசியம்டா" என்று பல் டாக்டர் கிசுகிசுத்தான். எல்லோரும் நாற்காலியை ஸ்பீக்கர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். எனக்கும் ஆசைதான். சின்ன வயதிலிருந்து அந்தக் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றவன் நான். கையை எடுத்துவிட்டேன்.

உலகத்தின் பரம ரகசியம் வருமென்று பார்த்தால், மேற்கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசினார்கள். ஜிம்காரன் கொட்டாவி விட்டான். பிறகு ஒரு கனத்த குரல் எழுந்தது. ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் ஒருவர் அங்கே உண்டு, மைக்கே தேவைப்படாத தொண்டை. இந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டையும் விளையாட்டையும் இன்றோடு நிறுத்த வேண்டும் என்றார். வருஷம் ஆகப்போகிறது, வந்தவர்களில் ஒருவன்கூடச் சேரவேண்டும் என்று கேட்கவில்லை, தின்றுவிட்டு ஏப்பம் விட்டுப் போகிறார்கள் என்றார். எங்கள் பக்கம் சிரிப்பு. பல் டாக்டர் ஏப்பம் விட்டுக் காட்டினான்.

"பிரதர், மனசுல வச்சுக்காதீங்க, ஆனா சொல்லித்தான் ஆகணும்" என்றது அந்தக் குரல். "உங்க பையன்தான் இதுல முதல் ஆளு. வண்டி நிக்கிற எடத்துல கரண்டிய வச்சுக்கிட்டு நம்மள மாதிரி நடிச்சுக் காட்டறான். நானே பார்த்தேன். உங்க காலையும் சேர்த்து நடிச்சான்."

சிரிப்பு நின்றது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவர்கள் பட்ட பாடு பார்ப்பதைவிட மோசமாக இருந்தது.

அப்போதுதான் வாசல் மாமாவுக்குச் சத்தம் எட்டி, வாளும் கையுமாக ஓடிவந்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. இரண்டடி எட்டி வைத்தால் மிக்சர் இருந்தது. ஆனால் உள்ளே ஏதாவது தெரிவிக்க வேண்டுமென்றால் கதவைத் தட்ட வேண்டும் என்றுதான் அவருக்குப் பழக்கம். அவ்வளவு தூரம் திரும்ப ஓடிப்போய்த் தட்டினார். அந்தத் தட்டல் எங்களுக்கு ஸ்பீக்கரிலும் கேட்டது. உள்ளே யாரோ எழுந்து, வாசலில் தட்டல் கேட்கிறது என்று முறைப்படி அறிவித்தார். தலைவர் அவசரமே இல்லாமல் சொன்னார்:

"பேசுறவர் முடிக்கட்டும்."

வாசல் மாமா மறுபடி தட்டினார். அவர் காத்திருக்கட்டும் என்று மறுபடி பதில் வந்தது. வேறு எந்த மனிதனாக இருந்தாலும் கதவைத் திறந்து கத்தியிருப்பான். அவர் பாவம், அனுமதி வராமல் அந்தக் கதவைத் திறக்காமலே கிழவனானவர்.

அணைத்திருக்க வேண்டியவன் நான். விரல் ஸ்லைடர் மேலேயே இருந்தது. அணைத்தால் நண்பர்களைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அதைவிட, அப்பா என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டட்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்றே சொல்லலாம். திட்டினால் பதிலுக்குக் கோபப்படலாம், கணக்கு நேராகிவிடும்.

அப்பா தொண்டையைச் செருமினார்.

"தெரியும் பிரதர். நானும் அன்னிக்கு ஜன்னல் வழியா பார்த்துட்டுத்தான் இருந்தேன். நல்லாத்தான் நடிச்சான். கால் அப்படித்தான் இழுக்குது." உள்ளே ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "சிரிக்கிறதுக்குத்தான் வர்றாங்கன்னு முதல் மாசமே தெரியும். சிரிக்கவாவது வரட்டுமேன்னு இருந்தேன்."

கொஞ்ச நேரம் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. நான் மாட்டிய மைக், நல்ல மைக்.

"உங்க எல்லார்கிட்டயும் நான் ஒண்ணு மறைச்சுட்டேன். ஆள் சேர்க்கத்தான் இதெல்லாம்னு சொன்னேன். அது பொய்யில்ல. ஆனா முதல் காரணம் அது இல்ல. வீட்ல அவன் என்கூட உக்காந்து சாப்பிடறதில்ல. இங்க வந்தா பக்கத்துல உக்கார்றான். மைக்கு வயரு கிட்ட இருக்கணும்னு உக்கார்றான், அது வேற விஷயம். ஒரு நாள் என் தட்டுல இருந்த அப்பளத்த எடுத்துக் கடிச்சான், பேச்சு சுவாரஸ்யத்துல அவனுக்கே தெரியாது. நான் லாட்ஜ என் வீட்டுச் சாப்பாட்டு மேசையா ஆக்கிக்கிட்டேன். அது தப்பு. மன்னிச்சுக்குங்க. நிறுத்தணும்னா நிறுத்திடலாம்."

அப்போதுதான் ஸ்லைடரை இறக்கினேன். எல்லாம் கேட்டு முடித்த பிறகு.

ஜிம்காரன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பல் டாக்டர் என் தோளைத் தொட வந்தவன், தொடாமலே கையை மடக்கிக்கொண்டான். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் என்று மற்றவர்கள் சொல்லும்போது மிகையாகத் தோன்றும்; அன்று தோன்றவில்லை. எனக்குப் போட்டுக்கொள்ள ஒரு முகம் இல்லாமல் இருந்தது. வேலை செய்வது மாதிரி குனிந்து வயரைச் சுருட்டினேன், பிரித்தேன், மறுபடி சுருட்டினேன்.

கதவு திறந்தது. வரிசையாக வந்தார்கள். வாசல் மாமா நடைவழியில் அப்பாவை நிறுத்தி அவர் காதில் ஏதோ சொன்னார். அப்பாவின் கை மெல்லக் காலருக்குப் போய் அந்த மைக்கை மூடிக்கொண்டது. அப்படியே நின்றார். பேங்க் மேனேஜருக்கும் விஷயம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், காது நுனிவரை சிவந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தக் கட்டடத்தில் அன்று வெட்கப்படாதவர் என்று யாரும் பாக்கியில்லை.

அப்பா உள்ளே வந்தார். காலை இழுக்காமல் நடக்க முயன்றார். எனக்காகவா, மற்றவர்களுக்காகவா தெரியாது, நாலடிக்கு மேல் அது முடியவும் இல்லை. வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. நான் போய் உட்கார்ந்திருக்கலாம். இப்போது உட்கார்ந்தால் அது பிச்சை போடுவது மாதிரி இருக்கும், உட்காராவிட்டால் அதைவிடக் கேவலம். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

சாப்பாடு வந்தது. யாரும் ருசித்துச் சாப்பிட்ட மாதிரி தெரியவில்லை. ஜிம்காரன் தானாக எழுந்து பெரியவர்களுக்குத் தண்ணீர் ஊற்றினான். வினாடி வினாவைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. கை கழுவிவிட்டு வந்த பல் டாக்டர் அப்பாவின் எதிரே போய் நின்றான். சின்ன வயதிலிருந்து எங்கள் வீட்டில் வளர்ந்த மாதிரிதான் அவனும்.

"அங்கிள், உள்ள சேரணும்னா யாரைக் கேக்கணும்?"

அவன் விளையாடவில்லை என்று அப்பாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. என்னைக் கேட்கலாம், ஆனால் வீட்டுக்குப் போய் நன்றாக யோசித்துவிட்டு வந்து கேள் என்றார். சொல்லிவிட்டு நிமிர்ந்தார். ஒரு வருஷமாக யார் வாயிலிருந்தாவது வராதா என்று அவர் காத்திருந்த கேள்வி. அது வந்துவிட்டது. ஆனால் அவர் கண் அவனைத் தாண்டி என்னிடம் வந்தது. வந்ததும் ஏதோ பிசகு செய்துவிட்டவர் மாதிரி சட்டென்று தட்டுக்கு இறங்கிவிட்டது. என்னை அழைக்கக் கூடாதல்லவா. பார்வையால்கூட அழைக்கக் கூடாது என்று நினைத்திருப்பார்.

திரும்பும்போது என் வேனில்தான் வந்தார். வருஷம் முழுக்க அவர் தன் காரில் வருவார், நான் பின்னால் ஸ்பீக்கர்களோடு வருவேன். அன்று அவருக்குக் கால் வலி அதிகம், காரை வாசல் மாமா கொண்டுவந்து விடுவதாகச் சொல்லிவிட்டார். ஏப்ரன் இருந்த தட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். சாப்பாட்டை நிறுத்தினார்களா என்று கேட்டேன். இல்லை, மேனேஜரே தன் பேச்சை வாபஸ் வாங்கிக்கொண்டார் என்றார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. எதற்கென்று கேட்பது, கரண்டிக்கா, காலுக்கா, அணைக்காமல் விட்டதற்கா, அப்பளத்துக்கா? வீட்டுத் தெருவில் திரும்பும்போது வேறொன்று வாயில் வந்தது.

"அப்பா, நானும் சேரணும். உங்களைத்தான் கேக்கறேன்."

வேன் வாசலில் நின்று, எஞ்சின் அணைந்த பிறகுதான், என் பக்கம் பார்க்காமலே சொன்னார்.

"இன்னிக்குக் கேக்காதடா. இன்னிக்குக் கேட்டா நான் சரின்னு சொல்லிடுவேன்."

சொல்லித்தான் இருப்பார். தகுதி பார்த்திருக்க மாட்டார், காரணம் கேட்டிருக்க மாட்டார், சந்தோஷத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சரி என்று சொல்லியிருப்பார். அது தெரிந்துதான் நானும் கேட்டேன்.