பெருங்காயத்தை வென்றவர்

பத்மநாபன் செய்த கேஸ் கசிவுக் கருவிக்கு உயிரே ஒரு சிட்டிகை டின் ஆக்சைடுதான். 1996ல் அதற்கு வெறும் 'நுண்பொடி' என்று பெயர், நிதி கிடைக்கவில்லை. 2004ல் பெயருக்கு முன்னால் 'நானோ' சேர்த்தார், கிடைத்துவிட்டது. பொடி அதேதான் என்பது அவருக்கும் அரைக்கும் இயந்திரத்துக்கும் மட்டும் தெரியும்.

எட்டு வருஷமாக ஒரே கிரேடு. கருவி தேறி, ஆய்வுக்கூட டைரக்டர் சான்யால் சிபாரிசு எழுதினால் பிரமோஷன். இல்லாவிட்டால் அதே நாற்காலியில் ரிடையர்மென்ட்.

கருவியை ஆறு மாதம் கல்கத்தா பவானிபூரில் இருந்த தன் ஃபிளாட்டின் சமையலறையிலேயே மாட்டிச் சோதித்தார். முதல் வாரம், ரசத்தில் பெருங்காயம் விழுந்தபோதெல்லாம் அலறியது. வடிகட்டி வைத்து, வரம்பைத் திருத்தி, கட்டிப் பெருங்காயத்தைப் பொரித்தாலும் வாய் திறக்காதபடி பழக்கினார். கேஸைத் திறந்துவிட்டால் மட்டும் கத்தும். இந்த வெற்றியைப் பற்றி ஒரு கருத்தரங்கில் நாற்பது நிமிஷம் பேசினார். கேட்டவர்கள், சாப்பாடு ஆறிப்போனதை இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

"வேற ஒருத்தராத்துல ஒரு நாள் மாட்டிப் பாருங்கோளேன்," என்றாள் மனைவி ஷியாமளா.

"விஞ்ஞானத்துக்கு நம்மாம், அடுத்தாம்னு கிடையாது."

"அப்படியா. தோசைக்கல்லுக்கே உண்டு."

சான்யால், பாலிகஞ்சில் தன் வீட்டிலேயே செய்துகாட்டச் சொன்னார். அடுப்புக்கு மேலே கருவியை மாட்டிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "சார், பெருங்காயம் என்னும் சவாலை..." என்று பத்மநாபன் ஆரம்பித்தார்.

திருமதி சான்யால் தன் பாட்டுக்கு வாணலியில் கடுகெண்ணெயை ஊற்றினார். புகை கிளம்பும்வரை அதைக் காயவிட்டுத்தான் இங்கே மீனைப் போடுவார்கள். தன் ஃபிளாட்டின் மாடிப்படியில் தினமும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த அந்தப் புகையைக் கருவிக்கு அறிமுகம் செய்துவைக்க மறந்திருந்தார் பத்மநாபன்.

கருவி அலறியது. சான்யால் பாய்ந்துபோய் சிலிண்டரை மூடினார். மோந்து பார்த்தார்.

"கேஸ் இல்லையே?"

"இல்லை சார். எண்ணெய்."

"கல்கத்தாவுக்கு வந்து எத்தனை வருஷம்?"

"இருபது, சார்."

சான்யால் சிலிண்டரைத் திறந்துவிட்டு நகர்ந்தார்.

திருமதி சான்யால் மறுபடி அடுப்பை மூட்டினார். இந்தத் தடவை எண்ணெயைப் பார்க்கவேயில்லை, பத்திரிகை புரட்டினார். கருவி கத்தியதும் மீனைப் போட்டார். பொன்னாகப் பொரிந்தது.

"இது இங்கேயே இருக்கட்டும்," என்றார். "என் சமையல்காரிக்கு இந்தப் பதம் இன்னும் பிடிபடவில்லை."

சான்யால் எழுதினார்: 'கசிவுக் கருவியாகத் தேறவில்லை. பத்து வங்காளிக் குடும்பங்களில் ஆறு மாதம் சோதித்துவிட்டு வரவும். பிரமோஷன் பிறகு.'

வீட்டுக்கு வந்த பத்மநாபன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எதிர் ஃபிளாட் வங்காளி மாமி, அதான் அந்த பௌதி, அவா சமையலறையில கருவியை மாட்ட ஒரு ஆணி அடிச்சுக்கலாமான்னு கேளேன்."

"நீங்க ஆரம்பிச்ச அன்னிக்கே கேட்டேன்," என்றாள் ஷியாமளா. "பௌதி அன்னிக்கே அடிச்சும் வச்சுட்டா. இப்போ அதுல கரண்டி தொங்கறது."