உத்தரவாதம் கேட்டவர்

1

இந்தக் கதை பிறந்தது ஒரு மின்சாதனக் கடையில். பில் போடும் வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தால், பல்புகள் அடுக்கிய அலமாரியின் எதிரே என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல, வாங்க."

ஒரு வாரமாகச் சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்தவள், அன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அவள் உளவியல் ஆலோசகர். தன்னிடம் வருகிறவர்களைப் பற்றி வீட்டில் மூச்சுவிட மாட்டாள். ஆகவே இனி வருவதெல்லாம் என் சரக்கு. (பொய் என்றால் கோபித்துக்கொள்வீர்கள். புனைவு என்று வைத்துக்கொள்வோம்.)

2

முதல் தொடக்கம்: ‘வானம் கறுத்துக்கிடந்த மாலையில், மனத்தின் ஆழங்களை அறிந்த அவள்—’

வேண்டாம். மனத்தின் ஆழம் தெரியுமோ என்னவோ, வீட்டுச் சாவியை எங்கே வைத்தோம் என்பதே அவளுக்குத் தெரியாது.

இரண்டாம் தொடக்கம்: அவரைக் காணவில்லை.

இது பரவாயில்லை. அவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். நாலைந்து மாதமாக அவளிடம் ஆலோசனைக்குத் தவறாமல் வந்தவர். கடைசியாக வந்த அன்று கதவருகே நின்று, "இனிமே உங்களைத் தொந்தரவு பண்ணமாட்டேன் மேடம்" என்றார்.

அவள் சுற்றிவளைக்காமல் கேட்டாள். "செத்துடலாம்னு தோணுதா?"

"சேச்சே, இல்ல."

அடுத்த முறை வரவில்லை. போன் அணைந்திருந்தது. அவசரத்துக்கென்று அவர் கொடுத்திருந்த நண்பரின் எண்ணிலும் யாரும் எடுக்கவில்லை. "செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாச்சு, பொறுத்திரு" என்றார் அவளுடைய மூத்த ஆலோசகர்.

வேடிக்கை என்னவென்றால், சிகிச்சையைப் பாதியில் விடுகிறவர்களைப் பற்றித்தான் அவளது ஆராய்ச்சியே. "வராதவங்க எல்லாம் மோசமாயிட்டாங்கன்னு இல்ல. தேறினதாலயும் நின்னுடறாங்க" என்று கருத்தரங்கில் பேசிக் கைதட்டு வாங்கியவள். ஊருக்குத்தான் உபதேசம். அவர் சொன்ன அந்த ‘இல்ல’வை நம்பியது தப்போ என்று ராத்திரியெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

3

முதல் பிரதியில் இந்த இடத்தில் அவரைக் கொன்றிருந்தேன். கதைகளில் சாவு மலிவு. ஆனால் எழுதிய கையோடு எனக்கே சாப்பாடு இறங்கவில்லை. கிழித்துப்போட்டேன்.

எனவே, கடை. அவள் பல்பு பார்த்துக்கொண்டிருக்கிறாள். அலமாரிக்கு அந்தப் பக்கம் தெரிந்த குரல்.

"டேபிள் ஃபேனுக்கு ரெண்டு வருஷம்தான் உத்தரவாதமா? அஞ்சு வருஷம் தர்றது இல்லையா?"

"எதையாவது எடுடா, கால் வலிக்குது" என்றது ஒரு பெண்குரல்.

"சும்மா இரு அக்கா. அஞ்சு வருஷமாவது ஓடணும்ல?"

அவரேதான். அவள் அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து வருஷத்துக்குச் சண்டை போடுகிறார் மனுஷர்! ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அவள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெளியில் கண்டால் ஆலோசகர் முதலில் பேசக் கூடாது. அவர் ஆலோசனைக்கு வந்த விஷயம் கூட வந்த அக்காவுக்குத் தெரியுமோ தெரியாதோ. ஆகவே பல்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துச் சிரித்தாள்.

4

எழுதியதை அவளிடம் கொடுத்தேன். கடைசி வரை படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பயிற்சி அப்படி.

"நல்லாருக்கு. அவரோட தொழிலை மட்டும் மாத்திடுங்க."

"ஏன்? நானா போட்டதுதானே?"

"மாத்திடுங்கன்னா மாத்திடுங்களேன்."

தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்குப் புல்லரித்தது. குருட்டாம்போக்கில் எறிந்த கல் எங்கேயோ பட்டிருக்கிறது. நீங்கள் மேலே படித்த லிஃப்ட் வேலை, அதற்குப் பிறகு நான் வைத்தது. முதலில் எழுதியிருந்ததை நீங்கள் தலைகீழாக நின்றாலும் சொல்லமாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லலாம். ‘மாத்திடுங்களேன்’ என்றதில் லேசாகச் சிரிப்பு இருந்தது; இறந்துபோனவரைப் பற்றிப் பேசும்போது அவள் குரல் அப்படி இருக்காது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

5

முடிவு? அவர் திரும்பிப் பார்த்தாரா, வணக்கம் சொன்னாரா, அக்காவிடம் ‘இவங்கதான்—’

மூன்று விதமாக எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். முதலில் பேசும் உரிமை அவருடையது. அவளே எடுத்துக்கொள்ளாத உரிமையை நான் எப்படி எடுத்துக்கொள்வது?

ஒருவேளை இதைப் படிக்கும் நீங்களே அவர் என்றால், முடிவு உங்கள் கையில். அவளைப் பார்த்துச் சிரிக்கலாம். பார்க்காததுபோல் ஃபேனைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம். தப்பாக நினைக்கமாட்டாள். பேசாவிட்டால் போகிறது ஐயா. இருக்கிறீர்களே, அது போதும்.