முன்மாதிரி வகுப்பில் ஒரு ‘புரியல’

கல்வியின் வரலாற்றை எழுதப்போகிறவர்கள் அதில் ஒரு பக்கத்தைக் காலியாக விட்டுவைக்கும்படி இதன்மூலம் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். அந்தப் பக்கத்துக்குரிய சம்பவம் ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாவது பாடவேளையில், ஏழாம் வகுப்பு ‘அ’ பிரிவில் நடந்தது. கணக்கு ஆசிரியர், “புரிஞ்சுதா?” என்று கேட்டார். ஒரு மாணவி, “புரியல சார்” என்றாள்.

இதன் பயங்கரம் விளங்க வேண்டுமானால் அந்த வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். கரும்பலகைக்கு மேலே, ‘முன்மாதிரி வகுப்பறை’ என்று பொன்னிற எழுத்தில் ஒரு பலகை தொங்குகிறது. ஆண்டுக்கொரு முறை பார்வைக் குழு வந்து, வகுப்பில் ஒரு பாடவேளை உட்கார்ந்து, எது சிறந்த வகுப்பு என்று தீர்மானித்து அந்தப் பலகையைக் கொடுக்கும். பதினோரு ஆண்டுகளாகப் பலகை அங்கேயே இருக்கிறது. எல்லாம் கணக்கு ஆசிரியரின் கைராசி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, “புரிஞ்சுதா?” என்பார். நாற்பத்தோரு வாய்கள், “புரிஞ்சுது சார்!” என்று ஒரே சுருதியில் முழங்கும். கடைசி பெஞ்சில் இரண்டு பேர் தூக்கம் கலையாமலே முழங்கும் அளவுக்குத் தேர்ச்சி பெற்றிருந்தார்கள். பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘புரிஞ்சுதா சார்’. அது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. விருது மாதிரி வைத்துக்கொண்டார்.

இந்த மாணவி சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது. எல்லோரும் அவளைப் ‘புதுசு’ என்றார்கள். பள்ளியின் நடைமுறை தெரியாது, பாவம்.

“எது புரியல?” என்றார் ஆசிரியர்.

“பின்னத்தால வகுக்கறப்போ, அதைத் தலைகீழாப் போட்டுப் பெருக்கணும்னீங்களே, ஏன் சார்?”

“அது விதி.”

“யாரு சார் போட்ட விதி?”

பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதும் வகுப்புத் தலைவன் சாக்பீஸோடு எழுந்தான். இதை எந்தக் குற்றத்தில் சேர்ப்பது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. கடைசியில், ‘புதுசு – ஏன்’ என்று எழுதிவிட்டு உட்கார்ந்தான்.

“நான் சொன்ன மாதிரி போடு. விடை தானா வரும்.”

“வந்துருச்சு சார். ஏன் வந்துச்சுன்னுதான் புரியல.”

மணி அடித்து ஆசிரியரைக் காப்பாற்றியது. ஆசிரியர் அறைக்குப் போனவர், யாரும் கவனிக்காத மாதிரி அறிவியல் ஆசிரியரிடம் கேட்டார்: “சும்மா ஒரு பேச்சுக்கு... ஏன் தலைகீழாப் போடறோம்?”

“என்னை ஏன் சார் வம்புக்கு இழுக்கறீங்க? உங்க டிபார்ட்மென்ட்டு அது.”

“தலைகீழா நின்னாலும் சில விஷயம் வராதுன்னு சொல்லுவாங்க. அதுவா இருக்குமோ?” என்றார் மொழி ஆசிரியர், விடைத்தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

கணக்கு ஆசிரியர் தன் நாற்காலிக்குத் திரும்பினார். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பின்னங்களைக் குப்புறக் கவிழ்த்தவர் அவர். தெரியாமல் இருப்பது அவருக்குப் புதிதில்லை. தெரியாது என்று தெரிந்ததுதான் புதிது.

அதற்குள் செய்தி தலைமையாசிரியைக்குப் போய்விட்டது. “வெள்ளிக்கிழமை குழு வருது சார்! அவங்க முன்னாடி இந்தப் பொண்ணு வாயத் திறந்தா பலகை போச்சு. அம்மாவக் கூப்பிடுங்க.”

மறுநாள் அம்மா வந்தார். தையல் கடையிலிருந்து நேராக வந்ததால் கழுத்தில் அளவு டேப் தொங்கியது. கைகளில் நூல் துணுக்குகள். தலைமையாசிரியை, துக்கம் விசாரிக்கிற குரலில் ஆரம்பித்தார். கணக்கு ஆசிரியர் ஓரமாக நின்றிருந்தார்.

“உங்க பொண்ணு வகுப்புல நடந்துக்கறது சரியில்லம்மா.”

“ஐயோ! யாரையாவது அடிச்சுட்டாளா?”

“அதெல்லாம் இல்ல.”

“எதையாவது எடுத்துட்டாளா?”

“சேச்சே.” தலைமையாசிரியை கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “புரியலைங்கறா.”

மீதி வாக்கியம் வரும் என்று அம்மா காத்திருந்தார். வரவில்லை.

“எதும்மா புரியலைங்கறா?”

“அதுவாம்மா முக்கியம்? மத்த எல்லாரும் புரிஞ்சுதுன்னு சொன்னப்புறம் இவ மட்டும் புரியலைங்கறா. வெள்ளிக்கிழமை ஒருநாள் வீட்டுல வச்சுக்கோங்க. காய்ச்சல்னு நாங்களே எழுதிக்கறோம்.”

“வீட்டுல இருந்தா என்னைப் போட்டுக் குடைவா. அதுக்குத்தானேம்மா இங்க அனுப்பறேன்?”

இது தீராத வழக்கு என்று தலைமையாசிரியைக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வந்த வாய்ப்பை வீணாக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. அளவு டேப்பைப் பார்த்தார். “சரி, நூலகத்துல உக்கார வச்சுக்கறோம். வந்ததுதான் வந்தீங்க, குழு உக்கார்ற நாற்காலிக்கெல்லாம் உறை தைக்கணும். ஆறு மீட்டர் துணி கிடக்கு. ஒரு உறைக்கு முக்கால் மீட்டர் வேணும்னா...”

“எட்டு வரும்மா.”

கணக்கு ஆசிரியர் அனிச்சையாகப் பேனாவை எடுத்து ஒரு தாளில் போட்டுப் பார்த்தார். ஆறு வகுத்தல் முக்கால். கவிழ்த்தார், பெருக்கினார், சுருக்கினார். எட்டு. இந்த அம்மாள் எதையும் கவிழ்த்த மாதிரி தெரியவில்லையே!

“எப்படிம்மா சொன்னீங்க?”

“இதுல என்ன சார் இருக்கு? ஒரு மீட்டர்ல நாலு கால். ஆறு மீட்டர்ல இருபத்துநாலு கால். ஒரு உறைக்கு மூணு கால் வேணும். மூணு மூணா வெட்டினா எட்டு.”

ஆசிரியர் தாளைப் பார்த்தார். அந்த அம்மாளும் நான்கால் பெருக்கி, மூன்றால்தான் வகுத்திருக்கிறார். கவிழ்ந்த பின்னம் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. அது கவிழவே இல்லை. இத்தனை காலம் தான்தான் கவிழ்ந்து கிடந்து பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது.

“என்ன சார், பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?” என்றார் தலைமையாசிரியை.

“புரிஞ்சுது மேடம்” என்றார். அந்த வாக்கியத்தைக் கேட்டுப் பழகியவர், சொல்லிப் பழக்கமில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. குழுவினர் மூன்று பேர் புது உறை போட்ட நாற்காலிகளில் அமர்ந்து படிவங்களைப் பிரித்தார்கள். ஒரு பக்கம், கற்றலுக்கு உதவும் நடத்தைகள்: நிமிர்ந்த முதுகு, அமைதி, உரத்த ஒருமித்த பதில். மறுபக்கம், இடையூறு செய்யும் நடத்தைகள்: திரும்பிப் பார்த்தல், இடம் விட்டு எழுந்திருத்தல், பக்கத்திலிருப்பவரிடம் பேசுதல், குறுக்கே கேட்டல், கூச்சல்.

புதுசு பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். “நூலகத்துக்குப் போகச் சொன்னாங்க சார். போகட்டுமா?”

ஆசிரியர் அவளைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். குழுவைப் பார்த்தார். போ என்று சொன்னால் பன்னிரண்டாவது ஆண்டு.

“உள்ள வா.”

பாடம் தொடங்கியது. ஐந்தாவது நிமிடத்தில் பழக்கதோஷம், “புரிஞ்சுதா?” என்றார். “புரிஞ்சுது சார்!” சுவர் அதிர்ந்தது. குழு திருப்தியோடு தலையாட்டியது. முழக்கம் அடங்கியதும் ஒரு குரல்: “எனக்குப் புரியல சார்.”

“நல்லவேளை” என்றார் ஆசிரியர். மேஜைக்கடியிலிருந்து ஒரு கட்டுக் காகித நாடாவை எடுத்தார். “கூட்டத்துக்கு ஆறு மீட்டர். கூட்டம் கூட்டமா உக்காருங்க. முக்கால் முக்காலா வெட்டுங்க. ஏன் எட்டு வருதுன்னு எனக்குச் சொல்லுங்க.”

அடுத்த கால் மணி நேரம் அந்த வகுப்பு தன் ஆயுளில் காணாததைக் கண்டது. பெஞ்சுகள் நகர்ந்தன. நாடா சன்னல் வழியே போய்த் திரும்பி வந்தது. “டேய், அது அரைடா, முக்கால் இல்ல!” “உன் மூஞ்சி, மடிச்சுப் பாரு!” ஆசிரியரே தரையில் முட்டி போட்டு நாடாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதற்குப் படிவத்தில் கட்டமில்லாததால் குழு அதைப் ‘பிற’ என்பதில் எழுதியது.

“இப்பக் கேக்கறேன்” என்றார் எழுந்து. “நிஜமா புரிஞ்சுதா? இல்லேன்னாலும் கோவிக்க மாட்டேன்.”

வகுப்புத் தலைவன் எழுந்தான். “சார், எனக்கு மூணாங்கிளாஸ்லேருந்தே புரியல.”

மடை உடைந்தது. “சார், எனக்கும்!” “சார், பின்னம்னாலே என்ன சார்?” “சார், நேத்து நடத்தினதையும் கேக்கலாமா?”

குழுத் தலைவர் எழுந்துவிட்டார். “என்ன சார் இது? சந்தைக்கடையா?”

“கணக்கு வகுப்பு சார்.”

“அப்போ பதினோரு வருஷமா நாங்க பாத்தது?”

“அது கோரஸ் சார்.”

மூலையில் எட்டுத் துண்டுகளை வரிசையாக அடுக்கிவிட்டு, “புரிஞ்சுருச்சு சார்!” என்று கத்தினாள் புதுசு. குழுவில் ஒருவர் அதைக் குறித்துக்கொள்ளப் படிவத்தில் இடம் தேடினார். கடைசியில் ‘கூச்சல்’ என்பதில் ஒரு கோடு போட்டார்.

போகிற வழியில் அவர்கள் பக்கத்து ‘ஆ’ பிரிவுக்குள் எட்டிப் பார்த்து அசந்து நின்றார்கள். நாற்பது முதுகுகளும் நிமிர்ந்திருந்தன. நாற்பது விரல்களும் உதட்டில் இருந்தன. ஒரு கேள்வி இல்லை. ஓர் அசைவு இல்லை. படிவத்தின் நல்ல பக்கம் நிரம்பி வழிந்தது. அன்று மாலையே முன்மாதிரி வகுப்பறைப் பலகையைக் கழற்றி அங்கே மாட்டினார்கள்.

அன்று ‘ஆ’ பிரிவுக்கு ஆசிரியர் வரவில்லை.